லேப்டாப்பில் சத்தம் வந்த இடம்

எனக்குச் சத்தம் என்றால் பயம். இதைச் சொல்ல வெட்கமில்லை. எங்கள் பக்கத்தில் சத்தத்துக்குப் பயப்படாத ஆளை நான் பார்த்ததில்லை. ஊரே பட்டாசு செய்து பிழைக்கிறது, ஆனாலும் நினைக்காத நேரத்தில் தூரத்தில் ஒன்று கேட்டால் குழம்பில் விட்ட கரண்டி அப்படியே நின்றுவிடும். தீபாவளி அன்று கேட்கிற சத்தம் வேறு, செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கேட்கிற சத்தம் வேறு. முதலில் ஜன்னல் அதிர்கிறதா என்று பார்ப்போம். பிறகு வாசலுக்கு ஓடி எந்தத் திசையில் புகை என்று பார்ப்போம். பிறகு போன் போடுவோம். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் போடுவோம். சுவிட்ச் ஆஃப் என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொல்லும். அந்தப் பெண்ணை நேரில் பார்த்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

ஆமத்தூரில்தான் எங்கள் வீடு. திருத்தங்கலில் இருக்கிற ஒரு அச்சகத்துக்கு நான் வீட்டிலிருந்தே தினசரி காலண்டர் தாள்களை டைப் செய்து கொடுக்கிறேன். ராகு காலம், எமகண்டம், ராசிக்கு ஒரு வார்த்தை பலன். முந்நூற்று அறுபத்தைந்து நாளும் பன்னிரண்டு ராசிக்கும் நல்லதாகவே எதையாவது எழுதிக்கொண்டிருப்பவள், என் வீட்டில் அடுத்த நாள் என்ன நடக்கும் என்று மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

காரணம் என் வீட்டுக்காரர். கல்யாணமான நாளிலிருந்து அவர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தார். நாலு வருடத்துக்கு முன்னால் பக்கத்து அறையில் தீப்பிடித்தது. இவர் இடது கையில் தோல் உரிந்ததோடு தப்பினார். பக்கத்து அறையில் இருந்தவர் தப்பவில்லை. கட்டுப் பிரித்த மறுவாரம் அவரை இருக்கன்குடிக்குக் கூட்டிப்போனேன். மாரியம்மன் சன்னதிக்கு எதிரே சூடத்தைக் கொளுத்தி, அதை அந்தக் கையாலேயே அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தேன். "இனி மருந்து ரூம் வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றார். அம்மன் மேல் சூடம் அணைத்த பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் வாக்கு மாறுவதில்லை. அதன் பிறகு அவர் அதே கம்பெனியில் கேட் பக்கத்திலேயே இருக்கிற லேபிள் ஸ்டோருக்கு மாறிவிட்டார். அச்சடித்த லேபிளும் காலி அட்டைப்பெட்டியும் அடுக்கி வைக்கிற இடம். மருந்து வாசமே அங்கே கிடையாது.

அப்படித்தான் அவர் சொன்னார். நானும் நம்பினேன்.

லேப்டாப்பில் சத்தம் ஆரம்பித்தது ஆடி மாதம். ஆடிப் பெருக்குக்குப் புதுக் காலண்டர் மாதிரிகளை வெளியிட்டுவிடுவார்கள், அதற்குப் பிறகு தாள் வேலை மூச்சு விட விடாது. அந்த நேரம் பார்த்து இது கரகர என்று முனக ஆரம்பித்தது. முதல் நாள் மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அதை அணைத்துப் பார்த்தேன். வேர்த்ததுதான் மிச்சம். இரண்டாம் நாள் முனகலுக்கு நடுவில் டக், டக் என்று ஒரு தட்டல். எட்டாவது படிக்கிற என் மகள், "அம்மா, இது செத்துரும்மா" என்றாள். அவளுக்குப் பாடம் வீடியோ பார்க்கவும் இதே லேப்டாப்தான், மல்லாந்து படுத்து வயிற்றில் வைத்துக்கொண்டு பார்ப்பாள். "வாயக் கழுவு" என்று அவளை அதட்டினேன். ஆறு மாதத் தாள் உள்ளே இருந்தது.

எல்லாவற்றையும் முதலில் பென் டிரைவில் ஏற்றினேன். அப்புறம் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். அச்சகத்தில் மிஷின்மேன் பேரிங் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க, நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மிஷினில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பார். நானும் அதையே செய்தேன். வலது ஓரம், கை வைக்கிற இடம்: ஒன்றுமில்லை. ஹார்டு டிஸ்க் இருக்கிற மூலை: லேசான ரீங்காரம், பயப்பட ஏதுமில்லை. இடது மேல் மூலையில் நுனியை வைத்ததும் காதுக்குள் யாரோ சரளைக் கல்லை அரைத்தார்கள். லேப்டாப்பை ஒரு பக்கமாகச் சாய்த்தேன், சத்தம் மாறியது. நிமிர்த்தினேன், பழையபடி வந்தது. ஃபேன்தான்.

ஃபேன் என்று தெரிந்ததும் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். சத்தம் குறையட்டும் என்று அடியில் ஒரு துண்டை நாலாக மடித்து வைத்தேன். கொடியில் கிடந்த அவருடைய துண்டு, லேப்டாப்பைத் தினமும் துடைப்பதும் அதில்தான். முன்பெல்லாம் அவர் வெள்ளைத் துண்டுதான் கொண்டுபோவார். ஒரு வருடமாகச் சாம்பல் நிறத்தில் வாங்கி வரச் சொன்னார். "அழுக்குத் தெரியாதுல்ல" என்றார். வேலை விட்டு வரும்போது குளித்துவிட்டே வருவார், சோப்பு வாசம் வீடெல்லாம் அடிக்கும். "லேபிள் ஸ்டோர்ல தகரக் கூரை, ஒரே வெக்கை" என்பார். எனக்குத்தான் எவ்வளவு நல்ல புருஷன் என்று பெருமை வேறு. துண்டு வைத்த மூன்றாம் நாள் சத்தம் இரண்டு மடங்கானது.

நாலாம் நாள் காலை விருதுநகருக்குப் பஸ் ஏறினேன். லேப்டாப் வாங்கின கடைக்காரரே ரிப்பேரும் பார்ப்பார். ஐம்பது வயது இருக்கும், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். வேலை பார்த்துக்கொண்டே பேசுவார், அல்லது பேசிக்கொண்டே வேலை பார்ப்பார், எது முக்கியம் என்று சொல்ல முடியாது. அடிப்பக்கத்து ஸ்க்ரூக்களைக் கழற்றி, எது எந்த இடம் என்று மறக்காமல் இருக்க ஒரு அட்டையில் வரிசையாகக் குத்தி வைத்தபடியே தன் பெருமையைச் சொன்னார்.

"தூசியப் பாத்தே எந்த வீட்டு லேப்டாப்புன்னு சொல்லிருவேம்மா. பிரஸ்ஸுக்காரக லேப்டாப்புன்னா பேப்பர்த் தூளு. மில்லுக்காரகன்னா பஞ்சு. வத்தல் மண்டிக்காரக லேப்டாப்பத் தொறந்தா அன்னைக்குப் பூராத் தும்மல்தான்."

நான் சிரித்தேன். "அப்ப என்னோடதுல ராசிபலன்தான் இருக்கும்ணே" என்றேன்.

அவர் மூடியைத் தூக்கினார். ஃபேனைச் சுற்றி வீட்டுத் தூசி பூனை முடி மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சாம்பலும் வெள்ளியுமாக வழவழவென்று ஒரு பொடி அப்பியிருந்தது. அவர் விரல் நுனியால் தொட்டு வெளிச்சத்தில் பிடித்தார். விரல் ரேகை மொத்தமும் மின்னியது. தூசி ஊதுகிற புளோயரை மற்றொரு கையில் எடுத்து வைத்திருந்தவர் அதன் வயரைப் பிளக் பாயிண்டிலிருந்து பிடுங்கிவிட்டு, தள்ளி வைத்தார்.

"ஒங்க வீட்ல யாரும்மா மருந்து ரூம்ல இருக்காக?"

"யாருமில்லண்ணே. வீட்டுக்காரக லேபிள் ஸ்டோர்ல இருக்காக."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். எந்நேரமும் பேசுகிற மனிதர் சும்மா இருந்தது எனக்கு அந்தக் கேள்வியைவிடப் பயமாக இருந்தது. பேட்டரியைக் கழற்றினார். உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்கட்டும் என்று கடை ஷட்டரின் இரும்பைத் தொட்டுவிட்டு, லேப்டாப்பை வெளியே படிக்கட்டுக்கு எடுத்துப்போனார். ஈரத் துணியாலும் பெயிண்ட் அடிக்கிற சின்னப் பிரஷ்ஷாலும் கொஞ்சம் கொஞ்சமாக வழித்தார். வழித்ததை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டார். அலுமினியப் பவுடர், கரண்டைக் கடத்தும், போர்டு செத்துப்போகும் என்றார். வேறு என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. பட்டாசு வெள்ளையாக மின்னுவது அந்தப் பொடியால் என்று எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். என் மகள் அந்த லேப்டாப்பைத்தான் வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். சூடு ஏறுகிற ஒரு பெட்டி, உள்ளே சுழல்கிற ஒரு மோட்டார், அதன் வாயில் நானே மடித்து வைத்த துண்டு.

பவுடர் லேபிள் ஸ்டோருக்கு வராது. மூட்டையைப் பிரித்துக் கலக்குகிற இடத்தில்தான் பறக்கும். மூக்கில் கட்டிய துண்டில்தான் ஏறும்.

புது ஃபேன் மாட்டி, பழையதை ஒரு பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். சத்தம் போன லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். டிக்கெட் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன்.

குனிந்திருந்தபோதுதான் அது கேட்டது. தரைக்குள்ளிருந்து வந்த மாதிரி ஒற்றைச் சத்தம். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. டிரைவர் பாட்டை அணைத்தார். எல்லாத் தலைகளும் இடது பக்கம் திரும்பின, பிறகு எல்லாக் கைகளிலும் போன் வந்தது. எத்தனையோ தடவை பார்த்த காட்சி. நாலு வருடமாக நான் அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன். லேபிள் ஸ்டோர் கேட் பக்கத்தில் இருக்கிறது, ஓடி வெளியே வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பக்கத்துப் பெண்ணுக்குத் தைரியம்கூடச் சொல்வேன். அன்று எனக்குத் தைரியம் சொல்ல யாருமில்லை. போன் போட்டேன். அந்தப் பெண் குரல் தன் வேலையை நிதானமாகச் செய்தது.

எங்கள் ஊருக்கு முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டேன். அங்கிருந்து கம்பெனிக்கு மண் பாதை. நடந்தேனா ஓடினேனா தெரியாது. அம்மனைத் திட்டிக்கொண்டே போனது மட்டும் நினைவிருக்கிறது. சூடத்தை அணைக்கும்போது பார்த்துக்கொண்டுதானே இருந்தாய் என்று கேட்டேன்.

கேட் முழுதாக இருந்தது. புகை இல்லை. வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "அது கல் குவாரி வெடிம்மா. பயந்துட்டீகளா?" என்றார். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்க வந்ததைக் கேட்டேன், லேபிள் ஸ்டோரில் இருக்கிற என் வீட்டுக்காரரைக் கூப்பிட முடியுமா என்று.

"லேபிள் ஸ்டோர்லயா?" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. எழுந்து வேகமாக உள்ளே போனார்.

கம்பி வழியாகப் பார்த்தேன். தூரத்தில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் இரண்டு பேர், சல்லடையும் கையுமாக. தலை முதல் கால் வரை வெள்ளி. வாட்ச்மேன் ஏதோ சொன்னதும் அதில் ஒருவர் எழுந்து நடந்து வந்தார். முகத்தை வைத்து எனக்கு அடையாளம் தெரியவில்லை. புருவமும் மீசையும் காதும் ஒரே நிறம். இடது தோளைக் கொஞ்சம் இறக்கி நடக்கிற அந்த நடையை வைத்துத்தான் என் புருஷன் என்று கண்டுபிடித்தேன். அவரும் என்னைப் பார்த்துவிட்டார். பாதி தூரத்தில் நின்றார். நின்றவர் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பினார். அப்போதும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு கதை சொல்லலாம் என்று பார்த்திருக்கிறார். அதுவரை பயம் மட்டும் இருந்த இடத்தில் ஆத்திரமும் வந்து உட்கார்ந்தது.

"கழுவ வேணாம். அப்படியே வாங்க" என்று கத்தினேன்.

வந்தார். பத்தடி தள்ளியே நின்றுகொண்டார். நான் கேட்டைத் திறக்கப் போனதும் இரண்டு கையையும் தூக்கித் தடுத்தார்.

"கிட்ட வராத புள்ள. நீ நைலான் சேல கட்டியிருக்க."

மருந்து வேலைக்குப் போகிறவர்கள் பருத்தியைத் தவிர வேறு துணி உடுத்துவதில்லை. நைலான் உரசினால் பொறி வரும். நான் நைலான் சேலையோடு, தோளில் பேட்டரி போட்ட லேப்டாப்போடு நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் பொய் சொன்ன மனிதர், என் சேலையைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தார். மெதுவாகப் பின்னால் நடந்து ரோட்டுக்கு வந்தேன். அங்கே உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் சோப்பு வாசத்தோடு வந்தார். பேப்பரைப் பிரித்து ஃபேனை அவர் முன்னால் வைத்தேன். தொட்டுப் பார்த்தார், விரலைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

"எம்புட்டு நாளா?"

"ஒரு வருசமா. மூணு வருசம் நெசமாவே ஸ்டோர்லதான் இருந்தேன். எனக்குப் பதிலா வந்தவனுக்குக் கை பதறுது புள்ள. அவன் சலிக்கிறதப் பாத்துக்கிட்டு, அங்கன ஒக்காந்து லேபிள் எண்ண முடியல. நான் கலந்தாப் பயமில்ல. அவன் கலந்தாத்தான் பயம்."

"அம்மன் முன்னால சூடம் அணைச்சீகளே?"

அதற்கு அவர் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "வாக்க மீறல. மருந்து ரூம் வாசப்படிய இன்னை வரைக்கும் மிதிக்கல. மரத்தடில ஒக்காந்துதான் கலக்கினேன்."

சிரிப்பு வந்தது எனக்கு. அவ்வளவு பயத்திலும், அவ்வளவு கோபத்திலும் சிரித்தேன். மரத்தடியில் கலக்கக் கூடாது என்று கம்பெனி சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறது. அம்மனை ஏமாற்ற அறையை விட ஆபத்தான இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கணக்கை அவர் மனதார நம்பினார் என்பதுதான் எனக்கு இன்னும் பெரிய பயமாக இருந்தது. அடுப்படியில் இருந்து சூடம் எடுத்து வரவா என்று கேட்டார். "சூடமும் வேணாம், ஒண்ணும் வேணாம். எனக்கு நீங்கதான் வேணும்" என்றேன்.

மறுநாளே திரும்ப லேபிள் ஸ்டோருக்குப் போனார். அப்படித்தான் சொன்னார், இந்தத் தடவை நான் நம்பவில்லை. வெள்ளைத் துண்டு நாலு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைக் கழற்றி, பஞ்சால் ஃபேனைத் துடைத்து, பஞ்சை வெளிச்சத்தில் பார்ப்பேன். ஸ்க்ரூக்களை அட்டையில் குத்தி வைக்க நானும் பழகிவிட்டேன். அவர் அந்த நேரத்தில் மட்டும் வெளியே போய் சைக்கிளைத் துடைப்பார்.

புரட்டாசியில், சீசன் உச்சத்தில் இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், லேப்டாப் மறுபடியும் சத்தம் போட்டது. டிக், டிக், டிக். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன், கீழே வைத்தேன். திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. திறக்காமல் இருக்கும்வரை அவர் லேபிள் ஸ்டோரில் இருப்பார் என்று தோன்றியது. அப்போது அவர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றப் போனவர் சத்தத்தைக் கேட்டுவிட்டு, ஒரு கால் செருப்போடு அப்படியே நின்றார். லேப்டாப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"ரெண்டு நாளுதான் புள்ள" என்றார். "ஆளு வரல. துண்டக்கூட ஸ்டோர்லயே கழட்டி வச்சிட்டுத்தான் போனேன். எப்படி ஏறுச்சு?"

வியர்த்திருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. பக்கத்து அறை எரிந்த அன்றுகூட அவர் முகத்தில் வலிதான் இருந்தது, இது இல்லை. நான் தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம் அது. "போங்க. போயி இப்பவே சொல்லிட்டு வாங்க" என்றேன். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு முதலாளியிடம் போனார். இனிமேல் என்ன ஆனாலும் மருந்துக்குக் கூப்பிடாதீர்கள், வீட்டில் லேப்டாப் காட்டிக் கொடுத்துவிடுகிறது என்று சொல்லிவிட்டு வந்தாராம். முதலாளி சிரித்தாராம். இவர் சிரிக்கவில்லை.

அவர் போன பிறகு லேப்டாப்பைத் திறந்தேன். ஃபேன் பளிச்சென்று இருந்தது. பஞ்சில் ஒரு புள்ளி வெள்ளி இல்லை. அச்சில் ஒரு நீள முடி சுற்றிக்கொண்டு, அதன் நுனி இறக்கையில் தட்டிக்கொண்டிருந்தது. காலையில் தலை குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்கு உட்கார்ந்திருந்தேன். என் முடி.

அதை அவரிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. அவர் எதையும் படிக்கிற ஆள் இல்லை என்பதால்தான் இங்கே எழுதுகிறேன். இப்போது லேப்டாப் லேசாக முனகினாலும் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்க்கிறார். எனக்குப் பயம் போய்விடவில்லை. ஜன்னல் அதிர்ந்தால் இப்போதும் போன் போடுகிறேன். ஆனால் இத்தனை வருடம் இந்த வீட்டில் நான் ஒருத்திதான் பயந்துகொண்டிருந்தேன். இப்போது இரண்டு பேர் பயப்படுகிறோம்.